காணவில்லை: எண்பத்து மூன்று

இரவு இரண்டே கால். தோட்டப்பாளையத்தில்
எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடம்.
பழைய நகல்களைத் துடைக்கப் போனவள்
சாய்கோட்டுக்கும் பெயருக்கும் நடுவே
கட்டைவிரலால் ஒரு இடைவெளி தட்டிவிட்டேன்.
நெல்மணி அகலம்கூட இல்லாத வெற்றிடம்.
அதன் வழியாக
அச்சு மென்பொருளின் இரண்டு அடைவுகள் போய்விட்டன.

"நிச்சயமாகவா?" என்று லினக்ஸ் கேட்கவில்லை.
கேட்காதே என்று சொல்லியிருந்தவள் நான்தான்,
ஆர்எம்முக்குப் பின்னால் ஒரு எஃப் போட்டு.

"அக்கா, பிரிண்டர் மூணும் செத்துக் கிடக்குது"
என்றாள் கவுண்டரிலிருந்து தபித்தாள்.
பெஞ்சில் பிரதுல் மண்டல்,
மால்டாவிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்தவர்,
மனைவியின் பிளேட்லெட் எண்ணிக்கைக்காக
பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.
"தோடா டைம்" என்றேன். என் இந்தி அங்கே முடிகிறது.
"சரிம்மா" என்றார். அவர் தமிழும் அவ்வளவே.

பொட்டலம் உள்ளே வந்த அன்றே
தன் சாமான்களின் பட்டியலை
வேறோர் இடத்தில் எழுதி வைத்துவிடுகிறது,
கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுபவரைப்போல:
அண்டா நாலு, கரண்டி பன்னிரண்டு, மூடி உட்பட.
சரிபார் என்றேன்.
காணவில்லை, காணவில்லை, காணவில்லை,
திரை நிரம்பி மேலே ஓடியது.

இல்லாததை அடுக்குவது எங்கள் ஊருக்குப் புதிதா?
தண்ணீரில்லாத ஆறு,
மரமில்லாத மலை,
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்.
கடைசி வரியை மட்டும் எண்பத்தொன்றில் திருத்தினார்கள்.
சத்துவாச்சாரியில் பத்திரமாயிருந்த லிங்கத்தைக்
கோட்டைக்குள் கொண்டுவந்து
மறுபடி நிறுவினார்கள்.

இணையம் அன்றிரவு படுத்துவிட்டது.
ஆனாலும் போன மாதம் இறக்கிய பொட்டலம்
கிடங்கு அடைவில் பிரிக்காத புடவைபோல இருந்தது.
அகற்றாதே,
இருப்பதன்மேலேயே மறுபடி நிறுவு.

எண்பத்திரண்டு திரும்பின. ஒன்று வரவில்லை.
அமைப்புக் கோப்பு.
அது உன்னுடையது, என்கிறது இயந்திரம்,
நீ அழித்தாய் என்றால் காரணம் இருக்கும்,
உன் முடிவில் நான் தலையிட மாட்டேன்.

என் கைப்பிழையை இத்தனை மரியாதையாக
என் விருப்பமென்று எடுத்துக்கொண்டது
இதற்குமுன் ஒருவன்தான்.
ஆம்பூர்க்காரன். பதில் அனுப்ப மறந்தேன், போன ஆடியில்.
அவனும் தலையிடவில்லை.

இல்லை, கை தவறிவிட்டது என்று சொல்ல
இங்கே தனியாக ஒரு சொல் உண்டு.
பலவந்தமாக, என்று தொடங்குகிறது.
தட்டினேன். வந்தது,
கம்பெனியிலிருந்து கிளம்பிய நாளின் முகத்தோடு.
யாருக்கும் காது கொடுக்காமல்
தன்னோடு மட்டும் பேசிக்கொண்டு.
மூன்று வருஷமாக நான் சேர்த்த வரிகளை
நினைவிலிருந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதினேன்.
எக்ஸ்ரே அறைக்கு அனுமதி. மாடிக்கு அனுமதி.

பிறகுதான் உறைத்தது,
எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றும் போயிருக்கிறது.
அச்சுப்பொறிகளுக்கு நான் வைத்த பெயர்கள்.
பாலாறு, பொன்னையாறு, கவுண்டன்யா.
அவை எந்தப் பொட்டலத்திலும் வந்தவை அல்ல.
அதனால் காணவில்லை என்றுகூட
யாரும் சொல்லவில்லை.

பாலாற்றின் பின்புறம் டார்ச் அடித்தோம்.
தபித்தாளின் கையெழுத்தில் முகவரி,
ஓரம் சுருண்ட ஸ்டிக்கரில்.
நாலரைக்குப் பாலாறு ஓடியது.
சோதனைத் தாள், அடுத்து மண்டலின் அறிக்கை.
பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
அது பகல் ஷிப்ட்டின் பிழை, என்னுடையதல்ல.
அவர் பெயரைப் பார்க்கவில்லை.
எண்ணைத்தான் பார்த்தார். நாற்பத்தோராயிரம்.
நேற்றைவிடக் கூடுதல்.
"சரிம்மா" என்றார், வேறு குரலில்.

பொன்னையாறு ஐந்துக்கு வந்தது.
கவுண்டன்யா இன்னும் இல்லை.
அதன் ஸ்டிக்கரைப் பாதி கிழித்து
யாரோ ஆட்டோக்காரர் நம்பர்
எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.